குறிப்பிட்ட குழிக்காக ஒரு மன்றாட்டு

எங்க ஊரு பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா அதுக்கும் ஒரு குழு போட்டு, ஊரு பேர எதுக்குச் சொன்னேன்னு கேப்பாங்க. அரியலூர்லேருந்து சுண்ணாம்புக்கல்லு லாரி போற ரோட்டுல, இலையெல்லாம் வெள்ளப் புழுதி அப்பிக் கெடக்குற புளியமரம் எந்த ஊர்ல இருக்கோ, அந்த ஊருன்னு வச்சுக்குங்க. அந்த மாதிரி ஊரு இந்தப் பக்கம் நெறய இருக்கு. அதனாலதான் இந்த அளவுக்காவது வாயத் தெறக்குறேன்.

என் பேரு அடைக்கலமேரி. தையல்காரி. ஊருக்கு ரவிக்கை தைக்கிறதும், பூசை நேரத்துல பீடத்துல ஒத்தாசைக்கு நிக்கிற புள்ளைங்களுக்கு அங்கி தைக்கிறதும் நான்தான். வூட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு. மாசத்துல பாதி நாளு ஆந்திரா பக்கம். ஒரே பொண்ணு, சகாய பிரியா, ஒன்பதாவது படிக்குது. நான் பயந்தவ. இத முன்னாடியே சொல்லிடறேன், பின்னால நடந்ததக் கேட்டுட்டு என்னைய ஏதோ புரட்சிக்காரின்னு நெனச்சுடக் கூடாது. பல்லி சத்தம் போட்டா சிலுவை போட்டுக்குவேன். போலீஸ் ஜீப்பு வந்தா, ஒரு தப்பும் பண்ணாமலே ரோட்ட வுட்டு எறங்கி நிப்பேன்.

பிரியா பள்ளிக்கூடம் போற வழியில ஒரு குழி. சுண்ணாம்புக்கல்ல வெட்டி எடுத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போன பள்ளம். எங்க கோயிலத் தூக்கி அதுல எறக்குனா கோபுரத்துச் சிலுவை மட்டுந்தான் வெளிய தெரியும். அடியில பச்சையா தண்ணி. பாதைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு சைக்கிள் அகலத்துக்கு மண்ணு, அவ்வளவுதான். மெயின் ரோட்டால போன்னு சொன்னா அங்க லாரி. ஒருநாளு பிரியா ஒத்தச் செருப்போட வூட்டுக்கு வந்துச்சு. இன்னொன்னு எங்கடின்னு கேட்டேன். "குழிக்குள்ளம்மா"ன்னுச்சு, சிரிச்சுக்கிட்டே. சைக்கிள் சறுக்குச்சாம், கால ஊனுச்சாம், செருப்பு போயிடுச்சாம். அன்னிலேருந்து கண்ண மூடுனா எனக்குத் தண்ணிச் சத்தந்தான் கேக்கும்.

குழிக்குச் சொந்தக்காரரு கொளஞ்சியப்பன். கட்சியில பெரிய ஆளு. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, போன தேர்தலுக்கு ஒன்னு, வரப்போற தேர்தலுக்கு ஒன்னு. இந்து மனுசன், ஆனா எங்க கோயிலுக்கு வேண்டியவரு. மாதா சுரூபத்த வைக்க, குகை மாதிரி ஒரு கெபி கட்டறதுக்குக் கல்லு, ஜல்லி, மேல ஒட்டுற கிரானைட்டு எல்லாம் நானே தர்றேன்னு ஏத்துக்கிட்டாரு. அந்தக் கல்லு எந்தக் குழியிலேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. கெபி முடியற வரைக்கும் மாதா சுரூபத்த சாக்குல சுத்தி, பொருள் அறையில சாமியானாவோட சேத்து வச்சிருந்தாங்க.

இப்படி இருக்கையில ஒரு ஞாயித்துக்கெழமைய அரசியல் விழிப்புணர்வு ஞாயிறுன்னு கொண்டாடச் சொல்லி மேலிடத்துலேருந்து உத்தரவு வந்துச்சு. மேலிடம்னா நாங்க மேல பாக்க மாட்டோம், பிஷப்போட மறைமாவட்ட ஆபீசு இருக்குற தெசையப் பாப்போம். எங்க கோயிலு பாதிரியாரு, பங்குசாமி, அன்னிக்குப் பிரசங்கத்துல பொளந்து கட்டுனாரு.

"பொதுநிலையினரே! நம்பிக்கையைக் கோயிலுக்குள் பூட்டி வைக்காதீர்கள்! அரசியல் சாக்கடை என்று ஒதுங்காதீர்கள்! அஞ்சாதீர்கள், பேசுங்கள்! உங்கள் மௌனமே நாட்டின் சாபம்!"

மைக்கு ஒரு தடவ கூவி அடங்குச்சு. பொதுநிலையினர்னா சாமியாரு இல்லாத எங்கள மாதிரி சனந்தான். சாமி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இப்பக்கூட அவர்மேல எனக்குக் கோவம் இல்ல, நல்லாத்தான் பேசுனாரு.

பிரசங்கம் முடிஞ்சா மன்றாட்டு. ஒருத்தரு மைக்குல நின்னு, திருச்சபைத் தலைவர்களுக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காகன்னு புத்தகத்தப் பாத்து வாசிச்சு, கடைசியில "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்"னு முடிப்பாங்க. உடனே கோயிலே சேந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சொல்லும். என்ன கேட்டாங்கன்னு ஒரு ஈ காக்கா கவனிக்காது. "மன்றாடுகிறோம்" காதுல வுழுந்தா வாயி தானா தெறந்துக்கும். தூங்குறவங்க தூக்கத்துலயே சொல்லுவாங்க. ஒரு தடவ வாசிச்சவரு பக்கத்தத் தப்பாத் திருப்பி, புத்தகம் அச்சடிச்ச அச்சகத்து விலாசத்த வாசிச்சுட்டாரு. அதுக்கும் கேட்டருளும்னுதான் சொன்னோம்.

இந்த வருசம் புத்தகம் கூடாது, பொதுநிலையினரே சொந்த வார்த்தையில மன்றாடணும்னு மேலிடத்து உத்தரவு. அதுக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருந்த டீச்சருக்கு அன்னிக்குன்னு பாத்துக் காய்ச்சல். எங்க பங்குப்பேரவைத் துணைத்தலைவரு அருள் பிரகாஷ் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, பொம்பளைங்க பக்கம் குனிஞ்சபடியே ஓடியாந்தாரு. முன் வரிசையில நான் ஒக்காந்திருந்தேன், அதுதான் நான் பண்ணுன தப்பு.

"அடைக்கலமேரி, நாலாவது மன்றாட்ட நீ வந்து சொல்லு."

"என்னங்க சார் சொல்றது?"

"மனசுல உள்ளதச் சொல்லு. சீக்கிரம் வா, சாமி பாக்குறாரு."

மனசுல வேற என்ன இருக்கு? மைக்கப் புடிச்சேன். "ஆண்டவரே, பள்ளிக்கூடப் பாதையில கொளஞ்சியப்பன் அண்ணன் வெட்டிப் போட்ட குழிக்கு வேலி இல்ல. எம்புள்ளயும் ஊருப் புள்ளைங்களும் அந்த வழியாத்தான் போவுதுங்க. மழை புடிக்கிறதுக்குள்ள வேலி போடுற மனச அவருக்குக் குடுங்க. ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

கூரையில ஒக்காந்திருந்த புறா பறந்துச்சு. எனக்கு நெஞ்சுலேருந்து ஏதோ பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா, சாமி மொகம் பூசை மெழுகுதிரி மாதிரி வெளுத்துக் கெடக்குது. அருள் பிரகாஷ் சார் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு, மாட்டுறாரு, மறுபடி கழட்டுறாரு.

பூசை முடிஞ்சதும் சாமி தங்குற அறைவீட்டுக்கு வரச் சொன்னாங்க. சாமி பிரஷர் மாத்திரையப் போட்டுத் தண்ணியக் குடிச்சுட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சாரு.

"என்ன காரியம் பண்ணிட்ட?"

"அஞ்சாம பேசச் சொன்னீங்களே, சாமி."

"பேசச் சொன்னேன். விசயத்தப் பேசச் சொன்னேனா?"

அருள் பிரகாஷ் சார் எனக்குப் புரியற மாதிரி வெளக்குனாரு. "நீ மட்டும் சொல்லியிருந்தா, ஏதோ பொம்பள அறியாமச் சொல்லிட்டான்னு முடிச்சிருக்கலாம். பங்கு மொத்தமும் ஒரே குரல்ல கேட்டருளும்னு சொல்லிடுச்சே! தேர்தல் நேரத்துல ஒரு மனுசன் பேரச் சொல்லி ஏகமனதா நிறைவேத்துன தீர்மானம் மாதிரில்ல ஆயிப்போச்சு? அவரு கோச்சுக்கிட்டா கெபி என்னாவறது? மாதா எத்தன காலம் சாக்குக்குள்ள இருப்பாங்க?"

மாதா சாக்குக்குள்ள இருக்கறதுக்கு நான்தான் காரணம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அழுகை வந்துடுச்சு. மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்கிறதுக்குத் தனக்கு அதிகாரம் இல்ல, இது பாவக்கணக்குல வராது, கொள்கைக் கணக்குல வருதுன்னு சாமி சொல்லிட்டாரு.

அந்தக் கணக்கப் பாக்குறதுக்கு மேலிடம் போட்ட குழு பெரம்பலூர்ல கூடுச்சு. நான் அரியலூர் வந்து, பெரம்பலூர் பஸ்ஸு ஏறி, வழியெல்லாம் ஜெபமாலை உருட்டிக்கிட்டே போனேன். ஒரு மண்டபம். மேடையில பெரிய பேனரு: "நம்பிக்கை, அரசியல், பொதுக்கொள்கை: அச்சமின்றி உரையாடுவோம்." அதுக்குக் கீழ ஒக்காந்திருந்த குழுச் செயலரு சாமி, மொதல்ல கதவச் சாத்தச் சொன்னாரு. அப்பறம் ஜன்னலு. அப்பறம் எல்லாரு செல்லையும் ஆஃப் பண்ணச் சொன்னாரு. அவரு வெளிநாட்டுல படிச்சவராம், சத்தமே வராமப் பேசுனாரு.

"இந்த மன்றாட்டைத் தெரிவிக்குமுன் யாரிடமாவது ஆலோசித்தீர்களா?"

"மாதாகிட்ட தெனமும் சொல்லுவேன், சாமி."

"எழுத்துபூர்வமாகவா?"

"இல்லீங்க, முழங்கால்ல நின்னு."

பக்கத்துல இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. செயலரு சாமி எழுந்திரிச்சு நின்னு பேசுனாரு. அத நான் மறக்க மாட்டேன்.

"சகோதரி, திருச்சபை குழிகளுக்கு எதிரானது அல்ல, ஆதரவானதும் அல்ல. குழிகளைக் குறித்து திருச்சபைக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு. எனவே, குழிகளுக்காகப் பொதுவாக மன்றாடலாம். உலகில் உள்ள அனைத்துக் குழிகளுக்காகவும், அவற்றில் விழுந்தோருக்காகவும், விழ இருப்போருக்காகவும் மன்றாடலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட குழிக்காக மன்றாடக் கூடாது. ஏனென்றால், குறிப்பிட்ட குழிக்கு உரிமையாளர் உண்டு."

"வேலி வேணுமா வேணாமான்னு நம்ம நிலைப்பாடு என்னங்க சாமி?"ன்னு அருள் பிரகாஷ் சார் கேட்டாரு, ஊருக்குப் போயி சொல்லணும்ல.

"வேலி பொதுக்கொள்கை சார்ந்தது. அதில் திருச்சபைக்குத் தெளிவான கருத்து உண்டு. அந்தக் கருத்து என்ன என்பதைச் சொன்னால் அது அரசியலாகிவிடும். ஆகவே கருத்து உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்."

எல்லாரும் கை தட்டுனாங்க, சத்தம் வெளிய போவாதபடிக்கு. தீர்ப்ப எழுதி அனுப்புறோம், அதுக்குள்ள உரிமையாளரப் பாத்து வருத்தம் தெரிவிச்சுட்டு வாங்கன்னு அனுப்பி வச்சாங்க.

மறுநாளே அரியலூர்ல கொளஞ்சியப்பன் வூட்டுக்குப் போனோம். சாமி, அருள் பிரகாஷ் சார், ஆப்பிள் ஆரஞ்சு, ஒரு சால்வை, கடைசியில நான். வாசல்ல கார நிறுத்தியிருந்த தினுசப் பாத்தே நான் செருப்ப ரோட்டுலயே கழட்டி வுட்டேன். அருள் பிரகாஷ் சார் சால்வையப் போத்திட்டு, நடந்த அசம்பாவிதத்துக்கு பங்குப்பேரவை சார்பா வருந்துறோம், அந்த மன்றாட்டு எங்க கருத்து இல்ல, சனம் சொன்னது பழக்கதோசம்னு கடகடன்னு ஒப்பிச்சாரு.

கொளஞ்சியப்பன், "என்ன மன்றாட்டு?"ன்னாரு.

அவருக்கு ஒன்னுமே தெரியாது. கோயமுத்தூர்ல மக வூட்டுல இருந்துட்டு முந்தா நாளுதான் வந்திருக்காரு. வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கிட்ட கதைதான். இவங்களே போயி, உக்காந்து, மன்றாட்ட ஒரு வார்த்த வுடாம சொல்லி முடிச்சாங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன். அடிக்கத்தான் போறாருன்னு நெனச்சேன்.

அடி வுழல. கண்ணத் தெறந்து பாத்தா, மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது.

"எம்பேரச் சொல்லியா கேட்டுச்சு இந்தப் பொண்ணு?"

"ஆமாங்க."

"கோயிலுக்குள்ள வச்சா?"

"ஆமாங்க, பூசை நேரத்துல."

"அத்தினி சனமும் சேந்து கேட்டருளும்னு சொல்லிச்சா?"

"அது சும்மாங்க. அவங்க எப்பவும் சொல்றதுதான்."

கொளஞ்சியப்பன் எழுந்திரிச்சுட்டாரு. "யோவ், ஆறு வயசு வரைக்கும் எனக்குப் பேச்சு வரலய்யா! எங்காத்தா ஏலாக்குறிச்சி மாதாகிட்ட எனக்கு முடி எறக்கிட்டு வந்த பெறகுதான் வாயி தெறந்தேன். இன்னிக்கு மேடையில பேசிப் பொழைக்கிறேன்னா அது அந்தத் தாயி குடுத்தது. அந்தத் தாயிகிட்ட எம்மேல பிராது குடுத்துட்டு, பழத்தத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே!"

"ஒன்னும் ஆவாதுங்க. வெறும் மன்றாட்டுதானே"ன்னு அருள் பிரகாஷ் சார் சமாதானம் சொன்னாரு.

"நீங்க பேசாதீங்க சார். உங்களுக்குப் பழகிப்போச்சு."

மறுநாளு காலையில குழிக்கரையில லாரி நிக்குது. கல்லுக்கால் எறக்குறாங்க, முள்ளுக்கம்பி எறக்குறாங்க. நான் தையல் மெஷின வுட்டுட்டு ஓடிப்போயி பாத்தேன். மேக்கால நட்டாங்க. வடக்கால நட்டாங்க. கெழக்காலயும் நட்டுக் கம்பி இழுத்தாச்சு. பாதையோரம் தெக்குப் பக்கம் மட்டும் பாக்கி. அது மண்ணு எளகலா இருக்கு, கடைசியில பாத்துக்கலாம்னு மேஸ்திரி சொன்னாரு. நான் ரோட்டுலயே முழங்கால் போட்டு அழுதேன். எங்க பக்கத்து வூட்டு லீலாவதி, மாரியம்மன் கோயிலு கூழுக்குத் தவிர வேற எதுக்கும் வராதவ, அவளே, "ஓங்க சாமி பரவால்லடி, மனுவப் பாத்ததும் கையெழுத்துப் போட்டுடுச்சு"ன்னா.

அந்த நேரம் பாத்து பெரம்பலூர்லேருந்து தீர்ப்பு வந்துச்சு. மன்றாட்ட வாபஸ் வாங்கணும். அதே கோயில்ல, அதே மைக்குல, சொன்ன வாயே வாங்கணும்.

"சாமி, வேலிதான் போட ஆரம்பிச்சுட்டாங்களே! அப்பறம் எதுக்கு?"

"வேலி போடறது அவரு இஷ்டம். வாபஸ் வாங்கறது நம்ம நடைமுறை. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"கேட்டுக் குடுத்தத வேணாம்னு சொன்னா ஆண்டவரு கோச்சுக்க மாட்டாரா? எம்புள்ள இன்னும் தெக்குப் பக்கமாத்தான் சாமி போவுது. நான் வாபஸ் வாங்கிட்டு, நாளைக்கி அது வுழுந்துடுச்சுன்னா?"

சாமி என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. சின்னப் புள்ளையப் பாக்குற மாதிரி. "அடைக்கலமேரி, மன்றாட்டுன்னா கேட்டது கேட்டபடி நடந்துடும்னா நெனச்ச? அது ஒரு வழிபாட்டு முறை. அவ்வளவுதான்."

எனக்குத் திக்குன்னுச்சு. குழியப் பாத்தப்பகூட அவ்வளவு பயம் வரல. இத்தன வருசமா நான் யாரு பின்னால முழங்கால் போட்டேன்னு ஒரு நிமிசம் தலை சுத்திடுச்சு. அருள் பிரகாஷ் சார் குறுக்க பூந்து, "பிரியாவுக்கு இந்த வருசம் பிஷப்பு கையால உறுதிபூசுதல் இருக்குல்ல? பிரச்சன முடியலன்னா அதத் தள்ளி வைக்க வேண்டி வரும், பாத்துக்க"ன்னாரு. அன்பாத்தான் சொன்னாரு.

நான் பயந்தவன்னு முன்னாடியே சொன்னேன். ஞாயித்துக்கெழமை மைக்குல நின்னேன். அவங்க எழுதிக் குடுத்தத வாசிச்சேன்.

"சென்ற மாதம் இதே இடத்தில் ஒரு குறிப்பிட்ட குழி குறித்து என்னால் தெரிவிக்கப்பட்ட மன்றாட்டு, உரிய வழிமுறையின்றித் தெரிவிக்கப்பட்டதால், அதைத் தெரிவிக்கப்படாததாகக் கருதி, உலகில் உள்ள அனைத்துக் குழிகள்மீதும் பொதுவாகத் தயை புரியுமாறு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

உள்ளுக்குள்ள நான் கத்துறேன்: நம்பாதீங்க ஆண்டவரே, எழுதிக் குடுத்தாங்க, நம்பாதீங்க. ஆனா சனம் இருக்கே, எப்பவும் போல, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னுச்சு. என் நாத்தனாரும் சொன்னா. என் பொண்ணும் சொல்லிச்சு.

அருள் பிரகாஷ் சார் கோயில் வாசல்லேருந்தே கொளஞ்சியப்பனுக்குப் போன போட்டாரு. "இனிமே கவலைய வுடுங்க. பிராது ரத்தாயிடுச்சு. மேல எதுவும் நிலுவையில இல்ல. கோயிலே கேட்டருளும்னு சொல்லிடுச்சு, முறைப்படி எல்லாம் சரி." மத்தியானத்துக்குள்ள மிச்சமிருந்த கல்லுக்கால லாரியில ஏத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. தெக்குப் பக்கம் தொறந்தது தொறந்தபடி கெடந்துச்சு. லீலாவதி சேதி கேட்டு, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாம்பாங்க, ஓங்க வூட்டுலயும் அப்படித்தானா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா.

அப்பறம் மழை புடிச்சுக்கிச்சு. பாதையில ஓடி வந்த தண்ணியெல்லாம் அந்தத் தெக்கு ஓரத்த அரிச்சுக்கிட்டுத்தான் உள்ள எறங்குச்சு. பச்சத் தண்ணி செவப்பாகி, நாளுக்கு நாளு மேல ஏறிக்கிட்டே வருது. காலையில பிரியா சைக்கிள் எடுத்தா நான் பின்னாலயே ஓடுவேன். "ஏம்மா மானத்த வாங்குற, எல்லாரும் சிரிக்கிறாங்க"ன்னு கத்தும். கத்தட்டும். ஒருநாளு சாயங்காலம், மழை வுட்டு வெயிலு லேசா அடிக்குது, பிரியா எதிர்ல வருது. என்னையப் பாத்துக் கையத் தூக்குச்சு. சைக்கிளு தாண்டி வந்த எடத்துல, அதுக்கு ஒரு முழம் பின்னால, மண்ணு பொலபொலன்னு சரிஞ்சு உள்ள போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் 'தொபீர்'னு தண்ணிச் சத்தம் வந்துச்சு. அவ திரும்பிப் பாத்தா. அன்னிக்கு எம்புள்ள சிரிக்கல. சைக்கிளப் போட்டுட்டு ஓடி வந்து என் இடுப்பக் கட்டிக்கிட்டா. அவ பல்லு கடகடன்னு அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. நான் வாங்குன வாபஸு அவ பின்சக்கரம் வரைக்கும் வந்துடுச்சுன்னு தோணுச்சு.

யாருகிட்டப் போயிச் சொல்றது? மன்றாட்டுலயும் இனிமே சொல்ல முடியாது. நடந்த கூத்தையெல்லாம் பரிசீலிச்ச குழு, இனிமே எங்க சுத்துவட்டாரக் கோயில் எதுலயும் மன்றாட்ட வாய்வுட்டுச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிடுச்சு. "மௌன மன்றாட்டு ஆன்மீகத்தில் ஆழமானது, சர்ச்சைக்கு அப்பாற்பட்டது"ன்னு எழுதியிருந்தாங்க. உங்கள் மௌனமே நாட்டின் சாபம்னு சொன்ன அதே சாமி, அத அப்படியே வாசிச்சாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கு மாத்திரை ரெண்டு வேளையாயிடுச்சு.

கெபிய மந்திரிச்சுத் தொறக்குற திருநாளு வந்துச்சு. மாதாவ சாக்குலேருந்து எடுத்து, நான் தச்ச நீலப் பட்டச் சாத்தி, பீடத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க. கோயிலு கொள்ளாத கூட்டம். முன்னால நாற்காலி போட்டு, மாலையும் சால்வையுமா கொளஞ்சியப்பன். அவருக்குப் பக்கத்துல அருள் பிரகாஷ் சார். நான் பிரியாவோட கடைசித் தூணுக்குப் பின்னால ஒளிஞ்ச மாதிரி ஒக்காந்திருந்தேன்.

மன்றாட்டு நேரம். "மௌனமாக மன்றாடுவோம்"னாரு சாமி.

எங்க கோயில்ல அந்த மாதிரி ஒரு அமைதிய நான் கேட்டதேயில்ல. வாசிக்கிறவங்க இல்லாததால யாருக்கும் தூக்கம் வரல. கேக்குறதுக்கு யாரும் எழுதிக் குடுக்காததால அவங்கவங்க சொந்தமா கேக்க வேண்டியதாப் போச்சு. எனக்கு முன்னால ஒக்காந்திருந்தவங்க தோளெல்லாம் குலுங்குது. புருசன வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு சேதி இல்லாம இருக்கறவ, கிணறு வத்திப் போனவங்க, மகனுக்காகக் கோர்ட்டுக்கு அலையறவங்க. பக்கத்துல பிரியா கண்ண இறுக்கி மூடி, கைய இறுக்கிக் கோத்துக்கிட்டிருக்கா. அவ என்ன கேக்குறான்னு எனக்குத் தெரியும். நானும் கேட்டேன். பயந்து பயந்து, மூச்சு சத்தங்கூட வராம கேட்டேன்.

நேரம் போயிக்கிட்டே இருக்கு. எப்ப முடிக்கிறதுன்னு சாமிக்குத் தெரியல. மௌனத்த முடிச்சு வைக்க வழிமுறை எதுவும் மேலிடத்துலேருந்து வரலபோல. கடைசியில பழக்கதோசத்துல அவரு வாயே சொல்லிடுச்சு:

"ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

வெளிய பந்தல்ல நின்ன சனமும் சேந்துக்கிச்சு. இந்தத் தடவ எல்லாரும் முழிச்சிருந்தாங்க. கெபிக்கு வச்சிருந்த வாணவேடிக்கைகூட அப்படிக் கேட்டிருக்காது. சாமி மைக்கப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாரு.

கொளஞ்சியப்பன் அருள் பிரகாஷ் சார் பக்கம் சாஞ்சு, கோயிலுக்கே கேக்குற மாதிரி கேட்டாரு. "என்னய்யா கேட்டாங்க?"

"தெரியலீங்க."

"யாரப் பத்தி?"

"தெரியலீங்களே. மௌனமால்ல கேட்டாங்க."

"தெரியாமலேயே எல்லாரும் கேட்டருளும்னு சொல்லிட்டீங்களா?"

கொளஞ்சியப்பன் சாக்குலேருந்து வெளிய வந்து நிக்கிற மாதாவப் பாத்தாரு. தாயும் அவரத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க, நாற்காலிய அந்த எடத்துல போட்டது அருள் பிரகாஷ் சார்தான். அவ்வளவுதான். மாலையக் கழட்டி நாற்காலியில வச்சாரு, கும்புட்டாரு, செருப்பு எங்கன்னுகூட பாக்காம வெளிய போனாரு. என்னைய ஒட்டித்தான் போனாரு. போன காதுல வச்சுக்கிட்டு, "டேய், அந்தத் தெக்குப் பக்கத்துக் கல்லக் கொண்டாந்து எறக்குடா. இன்னிக்கே. எவன் லீவா இருந்தாலும் வரச் சொல்லு"ன்னு சொல்லிக்கிட்டே போனாரு.

மறுநாளு சாமி என்னைய அறைவீட்டுக்கு வரச் சொன்னாரு. அருள் பிரகாஷ் சாரும் இருந்தாரு. ரெண்டு பேருக்கும் ராவெல்லாம் தூக்கம் இல்லன்னு பாத்தாலே தெரிஞ்சுச்சு. மேலிடத்துலேருந்து கேட்டிருக்காங்களாம். நேத்து பங்கு மொத்தமும் என்ன மன்றாடுச்சு, யாருக்கு எதிரா மன்றாடுச்சு, எத்தன மன்றாட்டுன்னு தெரிஞ்சாத்தான் வாபஸ் வாங்க முடியுமாம். காலையிலேருந்து வூடு வூடாப் போயி கேட்டிருக்காங்க. ஒருத்தரும் வாயத் தெறக்கலியாம்.

"நீயாவது சொல்லும்மா. நீ என்ன கேட்ட?"ன்னாரு சாமி. கெஞ்சுற மாதிரி இருந்துச்சு.

எனக்கு உறுதிபூசுதல் ஞாபகம் வந்துச்சு. ஜன்னலு வழியா, குழிப் பக்கமிருந்து கடப்பாரை மண்ணுல எறங்குற சத்தம் ஒன்னு மாத்தி ஒன்னா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. முந்தானையப் புடிச்சுக்கிட்டு, தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னேன்.

"மௌனமாத்தான கேக்கச் சொன்னீங்க, சாமி."